“ஆதாரம் காட்டு” என்று கேட்பது எப்படி? கச்சத்தீவு, கூண்டு எண், மிதக்கும் கல், இரட்டைமடி

தோணித்துறை:
கச்சத்தீவு பேச்சு எடுத்தா பத்தாவது பதிவுல “ஆதாரம் இருக்கா?”ன்னு ஒருத்தர் கேட்கிறார், பதினஞ்சாவது பதிவுல சண்டை. கேட்டவருக்கு எது கிடைச்சா திருப்தின்னு அவரும் சொல்றதில்ல, சொன்னவரும் விசாரிக்கிறதில்ல. அதனால கேட்கிற முறையைப் பத்தியே இங்க பேசுவோம்.

என் கணக்குல முதல் வேலை, சொன்னதைச் சரியா தப்பான்னு பார்க்கிற அளவுக்குச் சுருக்குறது. “கச்சத்தீவுல நமக்கு உரிமை இருக்கு”ன்னா அதுக்குள்ள நாலு விஷயம் கிடக்கு: தீவுக்குப் போறது, அந்தோணியார் திருவிழாவுக்குப் போறது, வலை காயப்போடுறது, சுத்துப்பட்ட கடல்ல மீன் பிடிக்கிறது. நாலுக்கும் ஒரே ஆதாரம் கிடையாது. எதைச் சொல்றீகன்னு கேட்காம “ஆதாரம் காட்டு”ன்னா, அவர் ஒண்ணுக்குக் காட்டுவார், நீங்க இன்னொண்ணை மறுப்பீக.

ஏர்வாடி வக்கீல்:
அந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில் இதற்குத் தொடர்புள்ளவை 5, 6 ஆகிய இரண்டு பிரிவுகள். 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போல் கச்சத்தீவுக்குச் சென்று வரலாம், அதற்கு இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடற்பகுதியில் மரபாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. “வலை” என்ற சொல் இந்த இரண்டிலும் இல்லை. “மீன்பிடிப்பு” என்ற சொல்லும் இல்லை.

ஆக, “வலை காயப்போடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது” என்பது தவறு. “மரபுரிமை என்ற சொல்லுக்குள் அது அடங்கும்” என்பது வாதம். இரண்டும் வேறு. வாதம் என்று ஒப்புக்கொண்டு வைத்தால் மரியாதையாகப் பேசலாம். எழுதியிருக்கிறது என்று அடித்துச் சொன்னால் வரியைக் காட்ட வேண்டிய கடமை சொன்னவருக்கு வந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பும் இதே தவறைச் செய்கிறது. “1976இல் எல்லாம் முடிந்துவிட்டது” என்பார்கள். 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில், அனுமதியின்றி மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஒப்பந்தம் எல்லை வகுத்தது மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணைப் பக்கத்துக்கு. அந்தக் கடிதம் 6ஆம் பிரிவைத் தொடுகிறதா இல்லையா என்பதில்தான் சர்ச்சையே. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர் எந்தப் பக்கம் பேசினாலும் கேள்விப்பட்டதைத்தான் பேசுகிறார்.

வேதாளை_78:
வக்கீல் சார், தாள் தாள்னு போனா கடலுக்குப் போறவன் வாயைத் திறக்கவே முடியாது. எந்தப் பாறுல (கடலடிப் பாறைத் திட்டுல) எப்ப மீன் படும், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும்னு பெரியவுக சொல்றாக. எங்கயும் எழுதி வைக்கல. அது ஆதாரம் இல்லையா?

பெரியபட்டினம் டீச்சர்:
ஆதாரம்தான் தம்பி. நம் பழைய தருக்கத்தில் காண்டல், கருதல், உரை என்று அளவைகளைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். கண்டது, கண்டதிலிருந்து கருதியது, நம்பத் தகுந்தவர் உரைத்தது. மூன்றுக்கும் இடமுண்டு. ஒன்றை மற்றொன்றாகக் காட்டும்போதுதான் கோளாறு. “இந்த மாதம் நண்டு குறைவாகப் பட்டது” என்பது காண்டல். “கடல் சூடானதால் குறைந்தது” என்பது கருதல். கடலுக்குப் போகிறவர் முதலாவதற்கு முழுச் சாட்சி. இரண்டாவதற்கு அவரும் நம்மைப் போல ஒருவர்தான். அதற்குத் தண்ணீரின் சூடு அளந்த கணக்கு வேண்டும்.

கேட்கிறவர் இந்த வெட்டுக் கோட்டைப் போட்டுக் கேட்டால் யார் மனமும் நோகாது. “நீங்க பார்த்தது எது, நினைக்கிறது எது?” அவ்வளவுதான் கேள்வி.

சோழகம்:
டீச்சர் சொன்னதோட வாய்ச் சாட்சி வாங்குற விதத்தையும் சேர்க்கணும். “மீன் குறைஞ்சு போச்சா?”ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாக. கேள்வியிலயே பதில் கிடக்கே. இப்படிக் கேட்கணும்: எந்தக் கரையிலருந்து போனீக, எத்தனை பாகத்துல வலை விட்டீக (ஒரு பாகம் சுமார் 6 அடி ஆழம்), நண்டு வலையா செவுள் வலையா, எத்தனை வலை, எத்தனை மணி நேரம் கிடந்துச்சு, அம்மாவாசையா பவுர்ணமியா, அப்ப காத்து வாடையா (வடக்குக் காத்து) கச்சானா (மேற்குக் காத்து)? எத்தனை கிலோங்கிறது கடைசிக் கேள்வி.

ரெண்டு பேர்ட்ட தனித்தனியா கேட்கணும். அதுவும் வேற வேற படகுத்துறையில. டீக்கடையில ஒண்ணா உட்கார்ந்திருக்கிற நாலு பேர் சொன்னா அது ஒரு சாட்சிதான், நாலு இல்ல. முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆள் காதுல போடாம கேட்டு, ரெண்டும் ஒத்து வந்தா அதுக்குப் பலம் உண்டு.

கிலோ மட்டும் சொன்னா ஏமாந்துருவோம். அன்னைக்கு 8 மணி நேரத்துல 100 கிலோ, இன்னைக்கு 20 மணி நேரத்துல 100 கிலோன்னு வைங்க. கரையில இறங்குறது அதே 100. மணிக்கு 12.5 கிலோ பட்ட இடத்துல 5 கிலோதான் படுது. “வரத்து குறையலையே, ஆதாரம் எங்க?”ன்னு கேட்கிறவர் இறங்கின எடையை மட்டும் பார்க்கிறார். உழைப்பால வகுக்காத எடை எதையும் சொல்லாது.

கீழக்கரையான்:
அதே தப்பு கடல் அட்டைலயும் நடக்குது. அட்டை பிடிக்கத் தடை வந்தது 2001ல. “இந்த வருசம் இத்தனை கிலோ பிடிபட்டுச்சு, போன வருசம் கம்மி, அதனால கடல்ல அட்டை கூடிருச்சு”ன்னு எழுதுறாங்க. பிடிபட்ட கிலோ, ரோந்து எவ்வளவு நடந்துச்சு, துப்பு எத்தனை வந்துச்சுங்கிறதைக் காட்டும். கடல்ல எவ்வளவு இருக்குன்னு காட்டாது. அதுக்கு அடிக்கடலுக்கு இறங்கி, அளந்து போட்ட நீளத்துல எத்தனைன்னு எண்ணணும், அதையே அதே இடத்துல பல வருசம் செய்யணும். அந்த மாதிரிக் கணக்கு இல்லைன்னா கூடுச்சுன்னும் சொல்லக் கூடாது, குறைஞ்சதுன்னும் சொல்லக் கூடாது.

தீவு கணக்கும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவுல 21 தீவு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. தீவு போனது காண்டல், டீச்சர் சொன்ன மாதிரி. “கடல் மட்டம் ஏறினதால போச்சு”ன்னு ஒரே காரணத்துல முடிச்சா தப்பு. அந்தத் தீவுகளைச் சுத்தி வருசக்கணக்கா பவளப்பாறையை வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுத்த அரண் போனதும் மணல் அரிச்சிருச்சு. ஆய்வாளர்கள் பெரிய காரணமா சொல்றது அதைத்தான். ரெண்டு காரணம் இருக்கிற இடத்துல ஒண்ணை மட்டும் சொல்றவர்ட்ட, “அதே கடல் மட்டத்துல பக்கத்துத் தீவு நிக்குதே, அது எப்படி?”ன்னு கேட்கணும்.

தோணித்துறை:
நல்ல கேள்வி அண்ணே. அது ஆளைக் குத்துற கேள்வி இல்ல, காரணத்தைச் சோதிக்கிற கேள்வி.

மழைக்காலம் வருது, அதனால துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டு விஷயத்தையும் யாராவது சொல்லுங்க. “பாம்பன்ல 7ஆம் எண் ஏத்திட்டாக, 5ஐ விட பயங்கரம்”னு வருசா வருசம் சுத்துது.

சோழகம்:
அது முழுத் தப்பு. கூண்டு எண் 1லருந்து 11 வரைக்கும். ஏணிப்படி மாதிரி ஒவ்வொண்ணா பலம் கூடுறது இல்ல. 1, 2 தூரத்துல இருக்கிற புயலுக்கு. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூணும் ஒரே அபாய நிலை. புயல் துறைமுகத்துக்கு ஒரு பக்கமா கரை கடந்தா 5, மறுபக்கமா கடந்தா 6, துறைமுகத்து மேலயோ ஒட்டியோ கடந்தா 7. அதே மூணு திசைதான் 8, 9, 10லயும், ஆனா அது பெரிய அபாயம், புயல் கடுமையானது. 11ன்னா எச்சரிக்கை மையத்தோட தகவல் தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். 5க்கும் 7க்கும் வித்தியாசம் திசை. 5க்கும் 8க்கும் வித்தியாசம் பலம். இது தெரியாம எண்ணை மட்டும் ஃபார்வர்டு பண்றாக.

புயல்னு யாராவது போட்டா நாலு விஷயம் கேளுங்க. அறிக்கை யார் வெளியிட்டது, எத்தனாவது அறிக்கை, எத்தனை மணி நிலவரம், காத்து நாட்லயா கிலோமீட்டர்லயா. ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். 65 நாட்டை “65 கிலோமீட்டர்தான்”னு போட்டா அபாயத்தைப் பாதியா குறைச்ச மாதிரி. மணிக்கு 62 கிலோமீட்டர் தொட்டாத்தான் வானிலைத் துறை அதைப் புயல்னு சொல்லும். அதுக்குக் கீழ தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். நேரத்துல இன்னொரு குழி இருக்கு. சில வரைபடத்துல உலகப் பொது நேரம் போட்டிருக்கும், அதோட ஐந்தரை மணி நேரம் கூட்டணும். 00 மணின்னு இருந்தா நமக்குக் காலை 5.30.

மழை அளவுக்கும் இதே. மழை நாள் காலை 8.30லருந்து மறுநாள் காலை 8.30. 2024 நவம்பர் 20 மழைக்கு ராமேஸ்வரத்துல 41 செ.மீ.ன்னு ஒருத்தரும் அதைவிடக் கம்மியா ஒருத்தரும் எழுதி அடிச்சுக்கிட்டாக. சாயங்காலம் வரைக்கும் பெய்ஞ்சதும் மறுநாள் காலை வரைக்கும் பெய்ஞ்சதும் ஒண்ணா இருக்காது. அளவு சொன்னா எந்த மானி, எத்தனை மணி வரைக்கும்னு சேர்த்துச் சொல்லணும்.

மண்டபம் மாணவி:
வீடியோ பற்றி ஒரு வார்த்தை. 2004 சுனாமிக் காட்சிகளும் வேறு நாட்டுக் கடல் சீற்றமும் “தனுஷ்கோடி இன்று காலை” என்று வருகின்றன. வீடியோவை அலை உயரமாக இருக்கும் ஓர் இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எழுத்துகளை வெட்டிவிட்டு, கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரு காட்சியில் கிடைக்காவிட்டால் நான்கு காட்சி போடுங்கள். ஓடுகிற வண்டி எந்தப் பக்கம் போகிறது, கடை பெயர்ப்பலகை எந்த மொழி, படகின் பதிவு எண் என்ன என்று பாருங்கள். நம் படகுகளில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கி, பிறகு இரண்டு இலக்கம் வரும். எம்எம் என்றால் விசைப்படகு. நம் கரைப் படகு என்று சொல்லி அந்த எழுத்தே இல்லாத படகைக் காட்டினால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

“ஒரிஜினல் அனுப்புங்க” என்று கேட்டால் பலர் திரும்பவும் படமாகவே அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் படமாகப் போனால் எடுத்த நேரம், இடம் போன்ற விவரம் கழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்தவர் கையில் அது இருக்கும். ஃபார்வர்டு செய்தவர் கையில் இருக்காது. இந்த ஒரு கேள்வியிலேயே அவர் எடுத்தவரா, வாங்கி அனுப்பியவரா என்று தெரிந்துவிடும்.

வேதாளை_78:
சரி, மிதக்குற கல்லு? ஒரு பக்கம் ராமர் கல்லுங்கிறாக, இன்னொரு பக்கம் “அது வெறும் பவளப்பாறை”ங்கிறாக. ரெண்டு பக்கமும் கல்லைத் தொட்டுப் பார்த்த மாதிரித் தெரியல.

கீழக்கரையான்:
சரியா பிடிச்சீங்க தம்பி. “பவளப்பாறை”ன்னு மறுக்கிறவரும் ஒரு கூற்று வைக்கிறார். அவரும் ஆதாரம் காட்டணும். பவளக் கல்லு சுண்ணாம்பு. காஞ்ச கல்லுல துளைக்குள்ள காத்து இருந்தா கொஞ்ச நேரம் மிதக்கும், தண்ணி ஏறினா பெரும்பாலும் அமுங்கிரும். மாசக்கணக்கா மிதக்குறது எரிமலை நுரைக்கல்லு. கண்ணாடி மாதிரிப் பொருள், உள்ளுக்குள்ள மூடின குமிழி. 1883ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்ப வந்த நுரைக்கல்லு இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் மிதந்து போயிருக்கு. அதனால நம்ம கரையில ஒதுங்குறதுல அதிசயமில்ல. ஆனா கையில இருக்கிற அந்த ஒரு கல்லு எதுன்னு அதைச் சோதிச்சாத்தான் தெரியும்.

சோதனை வீட்டுலயே முடியும். கல்லை நல்ல தண்ணியில உப்புப் போகக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க. சமையல் தராசுல எடை. அப்புறம் மெல்லிசான பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுத்தி, விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பின பாத்திரத்துல ஒரு கம்பியால முழுசா அமுக்குங்க. வழியிற தண்ணியைக் கீழ தட்டுல பிடிச்சு அளவுக் குவளையில ஊத்துங்க. கல்லு 300 கிராம், தண்ணி 400 மில்லின்னா 300ஐ 400ஆல வகுத்து 0.75. ஒண்ணுக்குக் கீழ இருந்தா நல்ல தண்ணியிலயே மிதக்கும். கடல் தண்ணி சுமார் 1.025, அதனால 1.01 வர்ற கல்லு கடல்ல மிதந்து வீட்டு வாளியில அமுங்கும். கோயில் வாசல்ல பார்த்தது வீட்டுல நடக்கலைன்னா உடனே பொய்னு சொல்லிறக் கூடாது, எந்தத் தண்ணின்னு கேட்கணும்.

ரெண்டாவது, ஒரு சொட்டு வினிகர். சுண்ணாம்புன்னா நுரைக்கும், நுரைக்கல்லுன்னா சும்மா கிடக்கும். இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. கடல்ல கிடந்த நுரைக்கல்லு மேல கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற சின்னக் கடல் உயிர்) ஒட்டியிருக்கும், அதுவும் சுண்ணாம்பு, அதுவும் நுரைக்கும். ஒரு ஓரத்தை உடைச்சு, புதுசா தெரியிற உள்பக்கத்துல சொட்டு விடணும். பவளம்னா சில சமயம் நுரை மெதுவா வரும், கத்தியால சுரண்டின பொடியில விட்டா தெளிவா தெரியும். பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டு ஒரு வாரம் தண்ணிக்குள்ள கல்லு வச்சு அமுக்கி வைங்க. எடுத்த பிறகும் மிதந்தா உள் குமிழி மூடினது.

பூசையில வச்சிருக்கிற கல்லை யார் வீட்டுலயும் போய் உடைக்கச் சொல்லக் கூடாது. உடைக்காமலே எடையும் அளவும் பார்க்கலாம், அது போதும்.

ஏர்வாடி வக்கீல்:
கேட்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். ஆதாரம் கேட்பதையே ஆயுதமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று காட்டினால் இன்னொன்று, அதைக் காட்டினால் “இது அரசு ஆவணமா?”, அதையும் காட்டினால் “அரசே பொய் சொல்லும்”. அப்படிப்பட்டவரிடம் முதலிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?” பதில் வந்தால் அதைத் தேடுங்கள். பதிலே வராவிட்டால் தேட வேண்டியதில்லை. பதில் சொன்ன பிறகு அளவுகோலை மாற்றினால் அவர் எழுதியதையே மேற்கோள் காட்டுங்கள்.

“இல்லை என்று நீ நிரூபி” என்பதையும் ஏற்காதீர்கள். சொன்னவர்தான் காட்ட வேண்டும். ஆனால் இடத்தையும் காலத்தையும் குறுக்கினால் இல்லாததையும் காட்ட முடியும். “அரசாணையே இல்லை” என்பதை நிரூபிக்க முடியாது. “இந்தத் துறையில், இந்த இரண்டு ஆண்டில், இந்தப் பொருளில் அரசாணை உண்டா?” என்று எழுதிக் கேட்டால் பதில் வரும். அரசாணை என்று யாராவது சொன்னால் எண், நாள், துறை மூன்றும் கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் தேட முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு துறையும் தனித்தனியே எண் போடுகிறது.

மண்டபம் மாணவி:
சார், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் “தகவல் இல்லை” என்று ஒரே வரியில் பதில் வருகிறதே, அது ஏன்?

ஏர்வாடி வக்கீல்:
பெரும்பாலும் கேள்வியின் அமைப்பு. “இரட்டைமடியை (இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கும் வலையை) ஏன் தடுக்கவில்லை?” என்றால் அது விளக்கம் கேட்பது. அலுவலர் கையில் இருக்கும் பதிவைத்தான் தருவார், கருத்தைத் தர வேண்டியதில்லை. இப்படி எழுதுங்கள்: “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த அலுவலகம் இரட்டைமடி தொடர்பாகப் பதிந்த வழக்குகளின் எண்ணிக்கை, நாள், விதித்த அபராதம். அந்தப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்.” 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு செய்த விரைவுத் தபால். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. உறையையும் ஒப்புகை அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

ஒன்று கவனம். வழக்கு எண்ணிக்கை குறைவாக வந்தால் இரட்டைமடி குறைந்தது என்று அர்த்தமில்லை. கீழக்கரையார் அட்டைக்குச் சொன்னதேதான் இதற்கும்.

வேதாளை_78:
அப்ப என் கூற்றையும் மாத்தி எழுதுறேன், சரியான்னு பாருங்க. முன்ன எழுதினது: “இரட்டைமடியால நாட்டுப்படகுக்காரன் பொழப்பு போச்சு.” இப்ப: “பாக் நீரிணையில, 4 பாகத்துக்கு உள்ள, விசைப்படகு போற நாளுக்கு மறுநாள் நண்டு வலைக்கு ஒரு வலைக்கு இத்தனை கிலோன்னு படுறது, மத்த நாளை விடக் கம்மி.”

சோழகம்:
அருமை அண்ணே. இதைச் சோதிக்க நம்ம கடல்லயே வழி இருக்கு. ராமேஸ்வரத்துல விசைப்படகு வாரத்துக்கு மூணு நாள், நாட்டுப்படகுக்கு மத்த நாள்னு முறை இருக்கு. ஒரே வாரத்துக்குள்ளயே ரெண்டு வகை நாளையும் ஒப்பிடலாம், அதனால பருவம் குழப்பாது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக் காலத்துல விசைப்படகே போகாது, அந்தக் கணக்கையும் தனியா வைங்க. ஆனா தடைக்கு முன்னயும் பின்னயும் ஒப்பிடும்போது காத்து மாறிரும், நண்டோட பருவமும் மாறும், அதனால ஒரு வருசக் கணக்கை வச்சு எதுவும் சொல்லிறாதீக.

நோட்டுல ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். தேதி, கிழமை, துறை, பாகம், எத்தனை வலை, போட்ட மணி, எடுத்த மணி, பட்ட நண்டு கிலோ, கிழிஞ்ச வலை எத்தனை, காத்து, முந்தின நாள் விசைப்படகு போச்சா இல்லையா. ஒண்ணும் படாத நாளையும் சுழியம்னு எழுதணும். நல்லா பட்ட நாளை மட்டும் எழுதுறதும், வெறும் வலையோட வந்த நாளை மட்டும் எழுதுறதும் கணக்கைக் கெடுத்துரும்.

பெரியபட்டினம் டீச்சர்:
காற்று மோசமாகிக் கடலுக்கே போகாத நாளுக்கு என்ன எழுதுவது?

சோழகம்:
சுழியம் போடக் கூடாது டீச்சர். “போகல”ன்னு எழுதி, காரணத்தையும் பக்கத்துல எழுதணும். போய் ஒண்ணும் படாததும் போகாததும் ஒண்ணு இல்லையே.

வேதாளை_78:
பதினோரு கட்டம் போட்டு நோட்டு தைக்கக் கொடுத்திருக்கு. நாலு துறைக்கு நாலு நோட்டு. ஒரு துறைக்காரர் நோட்டை இன்னொரு துறைக்காரர் ஜூன் முடியிற வரைக்கும் பார்க்கிறதில்லைன்னு பேசியிருக்கோம்.